பதினான்காம் எண் அட்டை

சுகர் லேண்ட், டெக்ஸஸ்
செப்டம்பர் 4, 2024

அன்புள்ள அண்ணா,

நீ நியூஜெர்சி போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஃபோன் வேண்டாம், மெசேஜ் வேண்டாம், பேப்பரில் எழுது என்றாய். எனக்கும் அதுதான் வசதி.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூலை விட்டுவிட்டு வீட்டிலேயே கிடக்கிறாள் என்று அம்மா நம் தெரு சாரதா ஆன்ட்டியிடம் புலம்ப, அவர் தன் வக்கீல் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப் போய்விட்டார். முதலில் ஃபைல் தூக்கினேன். இனி கோர்ட்டில் தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து ஆட்களை எடுக்கும் ஜூரி தேர்வு நடக்கும்போது பின்னால் உட்கார வேண்டுமாம்.

"பேசறவங்களை நான் பாத்துக்கறேன். பேசாம உக்காந்திருக்காங்க பாரு, அவங்களை நீ வாட்ச் பண்ணு. நீயும் வாயே திறக்காத பொண்ணு, அந்த பாஷை உனக்குத்தான் தெரியும்" என்றார். ஜூரியில் யாரையும் தேர்ந்தெடுப்பதே இல்லையாம், அண்ணா. வேண்டாதவர்களின் பெயரை லிஸ்ட்டில் அடித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சுகிறவர்கள்தான் ஜூரி.

கேஸ் யாருடையது தெரியுமா? ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவில் மளிகை வேன் ஓட்டும் வெள்ளியங்கிரி அங்கிளுடையது. ஏப்ரலில் அந்தப் பெரிய மழை பெய்த சாயங்காலம், மஞ்சள் குடை பிடித்து ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவை இடித்துவிட்டு நிற்காமல் போனாராம். அந்த அம்மா இறந்துவிட்டார். "நான் இல்லீங்க. எனக்கு முன்னால ஒரு காரு போச்சுங்க" என்று அங்கிள் தன் வக்கீலான நம் ஆன்ட்டியிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபது வருஷம் வரை உள்ளே போடலாமாம்.

உன் கார் கராஜில் உறைக்குள் அப்படியே இருக்கிறது. கதவைத் திறந்தால் அந்த உறை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது. அம்மா இப்போது கதவைத் திறப்பதே இல்லை.

உன் தங்கை,
விஷாகா


மான்மவுத் ஜங்ஷன், நியூஜெர்சி
செப்டம்பர் 14

விஷூக்குட்டி,

உனக்கு வேலையா! முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பு. இங்கே இப்போதே குளிர்கிறது. ரூம்மேட் ஆதர்ஷ் உப்புமாவில்கூட பத்து மிளகாய் போடுகிறான். கேட்டால் "ஸ்வெட்டரை விட சீப்புடா" என்கிறான்.

காரை யாரும் தொட வேண்டாம். பேட்டரி போய்விட்டது. தீபாவளிக்கு வந்து நானே பார்க்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
இளமாறன்


சுகர் லேண்ட்
செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணா,

கேஸைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

நேற்று ஜூரி தேர்வுக்கு அறுபது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு எண் அட்டை. ஆன்ட்டி கேள்வி கேட்பார். சொல்ல ஏதாவது இருப்பவர்கள் அட்டையைத் தூக்க வேண்டும். பதினான்காம் எண் ஆள் வரவில்லை. அட்டை மட்டும் அந்த இடத்தில் கிடந்தது. என்னிடம் அறுபது கட்டம் போட்ட தாள். பார்த்ததை எல்லாம் அதில் குறித்தேன்.

பாதிப் பேர் செய்தி பார்த்து முன்பே முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, அக்டோபர் 22 அன்று புது அறுபது பேர் என்றார் ஜட்ஜ்.

சாயங்காலம் ஆன்ட்டி தாளைப் பார்த்தார். "பதினாலுல யாரும்மா? அந்த சீட் காலியால்ல இருந்துச்சு?"

என் கையெழுத்துதான். "கை கட்டியிருக்கிறார். உதட்டை நனைத்துக்கொள்கிறார். கதவையே பார்க்கிறார். கேட்காத கேள்விக்குத் தலையாட்டுகிறார்." எழுதிய ஞாபகமே இல்லை. அப்படி ஒருவர் நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன், அண்ணா. அன்றைக்கும் மழை.

ஆன்ட்டி கேட்ட மூன்று கேள்விகளை எழுதுகிறேன். நீயும் பதில் போடு.

1. அதிகம் பேசாத ஒருவர் சொல்வதை நம்புவீர்களா?
2. எல்லோரும் ஒரு பக்கம் இருந்தால், நீங்கள் மட்டும் மறுத்துப் பேசுவீர்களா?
3. அந்த சாயங்காலம் அந்த ரோட்டில் இருந்தீர்களா?

விஷாகா


மான்மவுத் ஜங்ஷன்
அக்டோபர் 8

விஷூ,

1. நீ சொன்னால் நம்புவேன்.
2. கஷ்டம்தான்.

இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூசணிக்காய் வைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு உன் மூக்கு மாதிரியே மூக்கு. தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. வேலை அதிகம். அம்மாவை மாத்திரை போடச் சொல்.

இளமாறன்


சுகர் லேண்ட்
அக்டோபர் 15

அண்ணா,

ஒன்று, இரண்டு என்று போட்டுவிட்டு நேராகப் பூசணிக்காய்க்குப் போய்விட்டாய். ஆன்ட்டி எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது: "பொய் சொல்றவனைக்கூட விட்டுடலாம். கேள்வியை ஸ்கிப் பண்றவனை மார்க் பண்ணு."

நேற்று ஃபைல் பையைக் கொட்டினேன். பதினான்காம் எண் அட்டை உள்ளேயிருந்து விழுந்தது. நான் எடுக்கவில்லை. வேறு யாரும் என் பையைத் தொடவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டே கராஜுக்குப் போய் உறையைத் தூக்கினேன். வலது பக்க விளக்கு இல்லை. அந்தக் குழிக்குள் மஞ்சள் துணி ஒரு துண்டு சிக்கியிருந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது, காற்றே இல்லை. ஆனாலும் உறையின் மறுமுனை ஏறி இறங்கியது.

அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்கும். சாரதா ஆன்ட்டி நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை வரை காத்திருப்பேன். நீயே சொல்லிவிடு, அண்ணா. நீ சொன்னால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். ப்ளீஸ்.

விஷூ


கோர்ட் வராந்தா, ஹூஸ்டன்
அக்டோபர் 22, காலை 8.10

அண்ணா,

நேற்று முழுக்க ஃபோன் பக்கத்திலேயே இருந்தேன். ஆன்ட்டிக்கும் யாரும் கூப்பிடவில்லை.

புது அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளியங்கிரி அங்கிள் எதிர் பெஞ்சில் இருக்கிறார். என்னைப் பார்த்து, "சாப்டியா கண்ணு?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஸ்கூலில் கை தூக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் நான் படிப்பையே விட்டேன். உனக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஆன்ட்டி லிஃப்டிலிருந்து வருகிறார். அட்டை என் மடியில் இருக்கிறது. உன் காரைப் பற்றிச் சொல்ல வார்த்தை வராவிட்டால் அதைத் தூக்குவேன்.

விஷாகா