உப்பங்கழிக்கு நான் போட்ட பூஜ்யம்

காலையில் காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். டிக்கியைத் திறந்த மெக்கானிக் இரண்டடி பின்னால் போனார். “இன்னா மேடம், இப்டி நாறுது? கருவாடு எதுனா வச்சிட்டு மறந்துட்டீங்களா?” என்றார். ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்தது உன் துணிப்பை. இறால் பிடித்து முடித்து என் காரில் ஏறும்போது ஈரப் புடவையைச் சுருட்டி வைப்பாயே, அந்தப் பை. கழியின் கறுப்புச் சேறு காய்ந்து, அட்டை போல விறைத்திருந்தது. தூக்கிப் போடவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதிலிருந்து உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்லத் துப்பில்லாதவள் எழுதியாவது தொலைக்கிறேன்.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான். அணுபுரத்தில் குடியிருந்து, அணுமின் நிலையத்தில் கருவிகள் காட்டும் அளவைக் குறித்துக் குறித்தே முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சும்மா இருக்க முடியாமல் பறவை எண்ணும் குழுவில் சேர்ந்தேன். பைனாகுலரோடு மகாபலிபுரத்துக்குத் தெற்கே உப்பங்கழிக்கு வந்த முதல் நாளே, தண்ணீருக்குள்ளிருந்து நீ கையை ஆட்டி என்னை உட்காரச் சொன்னாய். நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டடி வைத்தேன், பறவைக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்துவிட்டது. இறால் போடும் பனையோலைக் கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற உன்னால் உடனே திட்டவும் முடியவில்லை. கரைக்கு வந்து பறியை எடுத்த பிறகுதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “ஒட்டகம் மாரி நின்னுகினு வந்தா எது குந்தும்? குனிஞ்சி வாமே!”

அறுபது வயதில் நான் குனிந்து நடக்கக் கற்றுக்கொண்டேன். உனக்கும் என் வயதுதான், ஆனால் வளைகிற முதுகு உனக்குத்தான் வாய்த்திருந்தது. எனக்கு முழங்கால்கூட உதவவில்லை.

ஒரு மார்கழியில் உன்னை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போனேன். நுழைவுச்சீட்டு வாங்கியதற்கே சிரித்தாய். “நம்ம கழியில சும்மா குந்திகினு கீறத பாக்க இங்க டிக்கெட்டா?” கோபுரத்தில் ஏறி, மரம் மரமாக நாரைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்று சொன்னேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியை எட்டிப் பார்த்தாய்.

“அப்ப இந்தத் தண்ணிக்கு ஊரே கீது. நம்ம தண்ணிக்கு யாரு கீறா?”

நான் பதில் சொல்வதற்குள் நீயே சொன்னாய். “நீதான் எழுதிக்கினு போறியே. நீ கீற.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வருடம் குழுவில் அடம்பிடித்து நம் கழியையும் கணக்கெடுப்பில் சேர்க்க வைத்தேன். நம் கழிக்கு அதுதான் முதல் தடவை. கணக்கெடுப்பு நாளும் வந்தது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் கடலுக்குப் போகாமல் இடுப்பளவு நின்றது. அவ்வளவு ஆழத்தில் குட்டைக்கால் உள்ளான் எங்கே நிற்கும், பூநாரை எதைத் தின்னும்? ஒன்றுகூட இல்லை. “வாய் தொறந்து தண்ணி வடியட்டும். எட்டு நாள் கழிச்சி வா, எண்ண முடியாம கீழ வுழுவ,” என்றாய். கணக்கெடுப்புக்கு நாள் குறித்தது குறித்ததுதான் என்றேன். எத்தனை பறவை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். தாளில் பூஜ்யத்தை ஒட்டியே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. தண்ணீர் ஆழம், முகத்துவாரம் அடைப்பு என்று நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுதாமல் கிளம்பினேன். கருவி என்ன காட்டுகிறதோ அதை எழுது, மேலே பேசாதே என்று முப்பது வருடம் பழகிய கை வேறு.

எட்டாம் நாள் முகத்துவாரம் திறந்தது. சேறு தெரிந்தது. நீ சொன்னபடி பூநாரைகள் வந்து இறங்கின. நான் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன், படம் எடுத்தேன். தாளைத் திருத்தத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் கழியின் மேற்குக் கரையில் சொகுசு விடுதி கட்டப் போவதாக ஊருக்குள் காகிதம் கொடுத்தார்கள். பொத்தேரியில் கடையில் வேலை செய்யும் உன் மகள் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். இங்கே பறவைகள் வருவதில்லை, ஆகவே பாதிப்பில்லை என்று அதில் இருந்தது. ஆதாரமாகப் பின்னால் ஒரு கணக்கெடுப்புத் தாள். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு நீ என் வீட்டுக்கு வந்தாய்.

“இத யாரு எழுதனதுமே? உங்க ஆளுங்களா?”

என் கையெழுத்து என்னைப் பார்த்தது. “தெரியலையே. குழுவுல நிறைய பேர் இருக்கோம்,” என்றேன்.

நீ டீயைக் குடித்தாய். சரி வரேன் என்று எழுந்து போனாய். நான் கதவைச் சாத்திவிட்டு, உனக்குப் படிக்கத் தெரியாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சீ, என்ன பிறவி நான்.

நாலு மாதத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். என் முறை வந்தது. அந்தப் பூஜ்யம் நான் போட்டது என்றேன். விடுதிக்காரர்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து, “அன்னைக்குப் பறவை இருந்துதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க,” என்றார். இல்லை என்றேன். “அவ்வளவுதான் சார்,” என்று உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. தண்ணீர் இடுப்பளவு நின்றதையும், அடுத்த வாரம் வந்த பூநாரைகளையும், காலியாக விட்ட கட்டத்தையும் சொன்னேன். நாள் போட்ட படங்களைக் கொடுத்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை. மேற்குக் கரையில் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் உன் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

“அம்மாக்கு அன்னிக்கே தெரியும் அத்த. எழுத்து தெரியாட்டி இன்னா, நீ கையெழுத்துப் போடும்போது பக்கத்துல நின்னுச்சாமே. நான் உன் வூட்டுக்கு வந்து சண்ட போடுறேன்னேன். அம்மாதான் வுடல. ‘நீ கேக்காத, அவளே சொல்லுவா’ன்னுச்சி.”

அந்த நாலு மாதமும் வாரத்துக்கு இரண்டு தடவை நான் கழிக்கு வந்திருக்கிறேன். பார்த்தவுடன் நீ கரையேறி வருவாய். என் பக்கத்தில் உட்கார்ந்து புடவை முந்தியைப் பிழிந்தபடி, மகள் கதை, மழைக் கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்து, “வேற இன்னாமே?” என்று கேட்பாய். போகிற பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது கூட்டம் முடிந்து இத்தனை நாளாகியும், சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நீ நின்று கேட்டாய். ஒவ்வொரு தடவையும் நான், “வேற ஒண்ணும் இல்ல, நீ கிளம்பு,” என்றேன்.