தக்கையில் ஏறிய கற்பூரம்

இன்று காலை பேத்தி கற்பூர டப்பாவைத் திறந்தாள். உள்ளே மிளகு மட்டும் கிடந்தது. கற்பூரம் அத்தனையும் காற்றோடு போயிருந்தது. மூடியைச் சரியாக மூடவில்லை என்று மருமகள் அவளைக் கடிந்துகொள்ள, நான் சிரித்துவிட்டேன். கிழவனுக்கு என்ன வந்தது என்பதுபோல் இருவரும் பார்த்தார்கள். உன்னைத் தெரியாதவர்களிடம் அதை எங்கே தொடங்கிச் சொல்வது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். தபால் செலவும் மிச்சம்.

அப்போது நான் சந்தனக் கிடங்கில் குமாஸ்தா. மரம் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் ஜெர்மனிக்காரர்களின் ஆட்கள் வந்து குவிவார்கள். மைசூர்க் காட்டு மரத்துக்காக உலகமே நம் வாசலில் காத்துக் கிடக்கிறது என்று உன்னிடம் மார்தட்டுவேன். ஒருநாள் நீ வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுக் கடைத்தெருவிலிருந்து சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாய். சீமையிலிருந்து வந்த சந்தன எண்ணெய்.

“என்ன குமாஸ்தா, உன் மரம்தான். கப்பல்ல போய்ட்டு வந்திருக்கு. அடையாளம் தெரியலயா?” என்றாய். “அவங்க ஊருல சந்தன மரம் ஒண்ணுகூட முளைக்காதுப்பா. ஆனா சந்தன எண்ணெய் அவங்க ஊரு சரக்கு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரசாயனம் படித்த திமிரு, உன்னைப்போன்ற பிரேசர் டவுன்காரனுக்கு எப்போதும் குதர்க்கம்தான் என்றேன். அதற்கப்புறம் சரக்கு ஏற்றிய வண்டி எதைக் கண்டாலும் “இது திரும்பி என்னவா வரும்?” என்று கேட்டே என் பிராணனை வாங்கினாய்.

பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மனிக்குக் கப்பல் நின்றது. கிடங்கில் மரம் மலையாகக் குவிந்தது, கேட்பார் இல்லை. அத்தனை செல்வத்தையும் வைத்துக்கொண்டு, எங்கோ ஒருவன் வாங்க வராததால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமஸ்தானம் மல்லேஸ்வரத்துக்கு அப்பால் ஒரு சோதனைக் கொட்டகை போட்டு, கொதிகலன் வைத்து, எண்ணெய் வடிக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்தது. இடையில் சென்னையில் சேர்ந்திருந்த கல்லூரி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தாய். பம்பாய் சோப்புக் கம்பெனியின் ஏஜெண்டு துரை இந்த எண்ணெயை ஏற்றால் ஆலை வரும். ஏற்காவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டு, கடல் வழி திறந்ததும் பழையபடி மரத்தை மரமாகவே விற்பது. மேலதிகாரி இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

சனிக்கிழமை வரவேண்டிய துரை வெள்ளிக்கிழமையே வந்து நின்றார். மரக் கணக்கோடு வந்திருந்த நானும் அப்போது கொட்டகையில் இருந்தேன். முதல் குப்பியைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்தது. இரண்டாவது, மூன்றாவது. “கற்பூரம். கலப்படம் செய்திருக்கிறீர்கள்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சுருட்டைப் பற்றவைக்க வெளியே போனார். நீ ஒரு குப்பியை மூக்கருகே கொண்டுபோனாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. தக்கையைத் தனியாக முகர்ந்து பார்த்துவிட்டு முனுசாமியைக் கூப்பிட்டாய். கொதிகலனுக்குத் தீ போடுகிறவன் அவன். வெள்ளிக்கிழமை தவறாமல் கொதிகலனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவான்.

“தக்க போட்டு வச்சிருந்த டப்பாவுல வேற என்னடா வச்ச?”

“கற்பூரம்ங்க. வெளிய வச்சா காத்துல போயிடுது. இங்க இறுக்கமா மூடற டப்பா அது ஒண்ணுதானுங்களே.” அவன் கையைக் கட்டிக்கொண்டான். “சாமிக்குத்தானே சார்னு வச்சேன்.”

எல்லாக் குப்பியையும் அந்த டப்பாவிலிருந்த தக்கைகளால்தான் மூடியிருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் துரை முன்னால் இழுத்துப்போய் நிறுத்து, உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள் என்று உன்னிடம் கத்தினேன்.

“அவனக் காட்டினா தொரைக்கு ஒரு கதை கிடைக்கும், அவ்வளவுதான்” என்று பல்லைக் கடித்தாய். “இவங்க கொதிகலனுக்குப் பூஜை பண்றவங்க, ஆலை எல்லாம் இவங்களால ஆகாதுன்னு ஊரு பூரா சொல்லுவான்.”

வெளியே போய்த் துரையிடம் அவருடைய கைக்குட்டையைக் கேட்டாய். ஒரு சொட்டு விட்டு, தாழ்வார நாற்காலியின் முதுகில் விரித்துப்போட்டாய். வாசனை தக்கையிலிருந்து ஏறியது, சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து முகர்ந்து பாருங்கள் என்றாய். துரை சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார். அதுவரை நாங்கள் யாரும் அதன் பக்கமே போகக்கூடாது என்ற நிபந்தனையை நீயேதான் போட்டாய்.

அந்தப் பிற்பகலை என்னால் மறக்க முடியவில்லை. கைக்குட்டை காற்றில் படபடக்கும்போதெல்லாம் பறந்துவிடுமோ என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். முனுசாமி சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை. கற்பூரம்தான் பறந்துவிடுமே, அப்புறம் என்ன பயம் என்று உன்னைத் தேற்றப் பார்த்தேன்.

“கற்பூரம் போயிடும். அதுக்கு அடியில கருகல் வாசனை இருந்தா?” என்றாய் மெதுவாக. “இந்த வடிப்புல ஒருதரம் ஆவிச் சூடு எகிறிடுச்சு. கற்பூர வாசனையில எனக்கே ஒண்ணும் தெரியல.”



வெயில் தாழ்ந்தபோது துரை வந்தார். கைக்குட்டையை எடுத்தார், முகர்ந்தார், மடித்தார். மறுபடி பிரித்து முகர்ந்தார். அப்புறம் அதை நாற்காலியில் போடாமல் தன் மார்புப் பையில் வைத்துக்கொண்டார். “எத்தனை பீப்பாய் தர முடியும்?” என்று கேட்டார். நீ தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நான்தான் ஏதோ உளறினேன். முனுசாமி அழுதான்.

ஆலை எழுந்தது. ஆனால் யுத்தம் முடிந்த கையோடு வந்த விஷக்காய்ச்சலில் நீ போய்விட்டாய். பெரிய பீப்பாய்கள் ரயிலேறுவதைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உன்னைப் புதைத்த அன்று முனுசாமி கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றினான். உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அத்தனை சீக்கிரம் போயிருக்க வேண்டாம்.

இப்போது இன்னொரு யுத்தம். மாலையில் பேத்தியோடு மல்லேஸ்வரம் ஸ்டேஷன் பக்கம் நடக்கிறேன். சரக்கு ரயிலின் திறந்த பெட்டிகளில் நம் மண்ணைத் தோண்டி எடுத்த கறுப்புத் தாதுக் கல் துறைமுகத்துக்குப் போகிறது. “இது திரும்பி என்னவா வரும்?” என்று என்னை அறியாமல் வாய் முணுமுணுக்கிறது. இன்று அதைக் கேட்ட பேத்தி என் கையை உதறிவிட்டுக் கேட்டாள்:

“ஏன் தாத்தா, அது போய்த்தான் ஆகணுமா?”

நீ கேட்காமல் விட்ட கேள்வி அது. ரயில் கடந்து போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.