வருஷ ஜாதகத்தை எழுதியவள்

நவம்பர் 3, திங்கள்

மழை. கழக்கூட்டத்து ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன்.

இன்று மேனேஜர் சுமந்த் கூட்டம் போட்டான். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கோயில் டிரஸ்ட் எங்கள் ஜாதக ஆப்பை வாங்கப்போகிறதாம். கோயில் வாசலில் திரை வைப்பார்கள். பிறந்த தேதியைத் தட்டினால் பலன் வரும். அவர்கள் கேட்பது ஒன்றுதான். முகப்பில் 'அந்நியக் கலப்பில்லாத தூய வேத ஜோதிடம்' என்று போட வேண்டும். தமிழில் அதை எழுதுவது என் வேலை.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. அப்பாவுக்கு நல்ல காலம் வரும் என்று நான் பிறந்ததிலிருந்து சொல்கிறார்கள். அவர் இன்னும் சாலை பஜாரில் மூட்டைதான் தூக்குகிறார்.

ஷெமீனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆப்பில் ஜனங்கள் அதிகம் பார்ப்பது வருஷ ஜாதகம். நாம் பிறந்தபோது சூரியன் நின்ற இடத்துக்கே ஒவ்வொரு வருஷமும் திரும்பி வருகிற நிமிஷத்தைக் கண்டுபிடித்து, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் பலன் சொல்வது. அந்தக் கணக்கு முழுவதையும் புரோகிராமாக எழுதியவள் அவள். மணக்காட்டுப் பள்ளிவாசல் பக்கத்தில் வீடு. இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ப்ரொபேஷன் முடிகிறது. இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில், நிரந்தரமாக்க வேண்டிய நேரம் பார்த்துக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

'அந்நியக் கலப்பில்லாத' என்று சுமந்த் சொன்னபோது அவள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

அவள் மலையாளம் பேசுவாள், நான் தமிழ் பேசுவேன், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம். இன்று கேன்டீனில் திடீரென்று சிரித்தாள்.

"எடீ செல்வி, இந்த வருஷ ஜாதகத்துல வர்ற முந்தா, சஹமம், இத்தசாலம் எல்லாம் எந்த பாஷைன்னு அறியுமோ?"

"சம்ஸ்கிருதம்."

"மண்ணாங்கட்டி. அரபி. சஹ்ம் ஞான் மதரஸாவில் படிச்ச வாக்கு. உங்க தூய வேதத்துல எப்படி வந்து கேறி உட்கார்ந்துச்சு?"

சிரித்துவிட்டு, உடனே அக்கம்பக்கம் பார்த்தாள். சிரிப்புக்கும் அந்தப் பார்வைக்கும் இடைவெளியே இல்லை. எரிச்சலாக இருந்தது. அவள்மேல் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நாள் முழுக்கப் பாளையம் லைப்ரரியில் இருந்தேன். அவள் சொன்னது நிஜம்.

என் பள்ளிப் பாடத்தில் இடைக்காலம் என்றால் படையெடுப்பு, வாரிசுச் சண்டை, கோட்டை. இவ்வளவுதான். எட்டாம் நூற்றாண்டில் சிந்துப் பக்கமிருந்து ஒரு குழு நம்முடைய வானக் கணக்கை பாக்தாதுக்கு எடுத்துப்போனதை எந்த டீச்சரும் சொல்லவில்லை. அங்கே அதை அரபியில் பெயர்க்கிறார்கள். பாரசீகம் வருகிறது, கிரேக்கம் வருகிறது. காகிதம் செய்யும் வித்தை சீனாவிலிருந்து வருகிறது. நகல் எடுப்பது மலிவாகிறது. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தப்பைத் தப்பு என்று சொல்லி, புதிதாக அளக்கிறார்கள். அது ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போகிறது; நம் எண்களும் அதே வண்டியில்தான். அல்காரிதம் என்கிற சொல் பாக்தாதில் இருந்த ஒரு கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்ததாம். ஷெமீனா தினமும் அதைத்தான் எழுதுகிறாள்.

பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் சரக்கில் ஒரு பகுதி குஜராத் பக்கம் வந்து இறங்குகிறது. நம் பண்டிதர்கள் சம்ஸ்கிருதத்தில் எழுதிக்கொள்கிறார்கள். தாஜிகம் என்று பெயரும் வைக்கிறார்கள்: அரபு, பாரசீகத்தாருடைய முறை. சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்கவில்லை.

சுல்தான்களெல்லாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. எந்தச் சுல்தானும் எந்த ராஜாவும் எனக்கு மாமன் இல்லை. மூட்டை தூக்கியவனை இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடத்தியிருப்பார்கள். ஆனால் வாங்கியதை வாங்கவில்லை என்று சொல்வது எதில் சேர்த்தி?

நவம்பர் 10, திங்கள்

எங்களுக்கு ஜோதிட ஆலோசகர் வலியசாலை அனந்தபத்மநாபன் சார். பலன்கள் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. லிஃப்ட் பக்கம் மடக்கிக் கேட்டேன். தாஜிகம் எங்கிருந்து வந்தது, தெரியுமா?

"தெரியாதா பின்னே? படிச்ச எல்லாருக்கும் தெரியும், கொழந்தே."

"அப்ப டிரஸ்ட்காரங்ககிட்ட சொல்லுங்க சார்."

"நன்னா இருக்கு. நான் அதச் சொன்னா நாளைக்கு எவனாக்கும் எங்கிட்ட ஜாதகத்தத் தூக்கிண்டு வருவான்? நீ வருவியா?"

வரமாட்டேன். அதையும் சொன்னேன். கோபப்படாமல் சிரித்தார். கோபப்பட்டிருக்கலாம்.

நவம்பர் 12, புதன்

எழுதிவிட்டேன். முகப்பில் அவர்கள் கேட்ட வரி. உள்ளே வருஷ ஜாதகப் பக்கத்தில் நான் எழுதிய ஒரு பத்தி: இந்த முறை அரபு, பாரசீக அறிஞர்கள் வழியாக நமக்கு வந்தது, சொற்களே சாட்சி, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த ஆபீசில் தமிழ் கேட்டால் பாதிப்பேருக்குப் புரியும். வாசிக்க என் ஒருத்திக்குத்தான் வரும். அனந்தபத்மநாபன் சாரே வீட்டில் தமிழ் பேசுவதோடு சரி, படித்ததெல்லாம் மலையாளம். சுமந்த் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று அனுப்பினான்.

ஷெமீனாவிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்.

நவம்பர் 18, செவ்வாய்



டிரஸ்ட் செயலாளர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டார். காலையிலேயே போன். சுமந்த் முகம் வெளுத்து எழுந்து வந்தான். என்னிடம் வருவான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய் ஷெமீனாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான்.

அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது! அது எவனுக்கும் தோணலையா? அரபின்னு ஒரு வார்த்தை எங்கேயாவது இருந்தா அத அவதான் போட்டிருக்கணும், இல்லையா?

உள்ளே போய், நான்தான் எழுதினேன் என்றேன். ஷெமீனா என்னைப் பார்த்த பார்வை... நன்றி இல்லை அது.

சுமந்த் நிதானமாகக் கேட்டான்: "எழுதினது நீ. ஓகே. உனக்கு ஆரு சொல்லித் தந்தது?"

கேன்டீன் ஞாபகம் வந்தது. ஒரு நொடி தயங்கினேன். பிறகுதான் "லைப்ரரி" என்றேன். அந்த ஒரு நொடி அவனுக்குப் போதுமாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் சத்தம் போடாமல் பேசினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன்னை அவன் ஒண்ணும் செய்யமாட்டான். தமிழுக்கு வேற ஆள் இல்லா. என்னைப் போல கோட் எழுதான் ஆயிரம் பேர் க்யூவில் நிக்குது. நின்னோடு ஆரெங்கிலும் கேட்டாங்களா, எனக்காக சரித்திரம் பேசச் சொல்லி?"

இல்லை. யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 19, புதன்

வேலையை விடப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டு? எங்கூட மூட்ட தூக்க வாறியா?"

"அந்தப் பிள்ளைக்கு வேல போயிரும்ப்பா, என்னால."

"நீ விட்டா அவளுக்குத் திரும்பக் கிடைச்சிருமாட்டி?"

தைலத்தை வாங்கி நான் தேய்த்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

டிரஸ்ட் செயலாளர் நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, சாதுவான முகம். கத்துகிற ஆளாக இருந்தால் சண்டை போடலாம். இவர் டீ கொண்டுவந்த பெண்ணுக்குக்கூட நன்றி சொன்னார்.

நான் பேசினேன். பாக்தாத், குஜராத், தாஜிகம், எல்லாம். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அனந்தபத்மநாபன் சார் பக்கம் திரும்பினார். "சாமி, இந்தப் பிள்ள சொல்லுகது உள்ளதா?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல அபிப்ராய பேதம் உண்டு."

அபிப்ராய பேதம்! லிஃப்ட் பக்கம் இல்லாத பேதம்.

வருஷ ஜாதகத்தையே எடுத்துவிடலாமா என்று சுமந்த் கேட்டான். அதை எடுத்தால் அவளுக்கு இங்கே வேலையே இல்லை.

செயலாளர் பதறிப்போனார். "ஐயோ, அத எடுக்காண்டாம். அதுக்குத்தானே ஆளு வருவு. என் பிறந்தநாளுக்கே போட்டுப் பாத்தேன், கணக்கு அச்சு அசலா இருக்கு. அந்தப் பத்தி வேண்டாம். பொறவு, கடேசில யாரு யாரு செஞ்சதுன்னு ஒரு வரிசை வருதுல்லா, அதுல ஒரு பேரு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. சரக்கு வேண்டும், பெயர் வேண்டாம். சுமந்த் தலையாட்டினான். சார் தூய வேதத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 24, திங்கள்

சுமந்த் அவளிடம் சொன்ன வழி: வரிசையில் 'மீனா எஸ்.' என்று போடலாம், நிரந்தர ஆர்டரும் வரும். "வீட்டுல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவாங்க?" என்றானாம். வீட்டில் அவளை ஷெமி என்பார்கள்.

அவள் சரி என்றுவிட்டாள்.

"எப்படிச் சரின்னு சொன்ன? நானும் ராஜினாமா பண்றேன், ரெண்டு பேருமா வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லுவோம்..."

"ராஜினாமா செய்தா நின் மனசுக்கு சுகம். எனிக்கு என்ன கிட்டும்?" லேப்டாப்பை மூடினாள். "மூணாவது கம்பெனி, செல்வி. உம்மாவிடம் இன்னொரு தடவை போய் வேலை போச்சுன்னு பறய முடியாது."

பிறகு, தமிழ்த் திரையில் அந்தப் பெயரை நான்தான் அடிக்க வேண்டும் என்றாள். வேறு எதையும் சேர்க்காமல். சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 26, புதன்

மீனா எஸ்.

அடித்தேன். பத்தியை அழித்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

அவளுக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வட்டயப்பம் கொண்டுவந்தாள். சுமந்த் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான். எனக்கு ஒரு துண்டைத் தானே பிய்த்துக் கொடுத்தாள். பதிமூன்று நாளைக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். புதுக் குடை வாங்கியதைப் பற்றிப் பேசினாள். நானும் குடையைப் பற்றியே பேசினேன்.

மத்தியானம் கண்ணாடி அறைக் கதவைத் திறந்து சுமந்த் கூப்பிட்டான். "மீனா, ஒரு நிமிஷம்."

அந்தப் பெயரில் எங்கள் ஆபீசில் யாரும் கிடையாது. நான் ஷெமீனாவைப் பார்க்கத் திரும்பினேன்.

நாற்காலி காலி. அவள் ஏற்கெனவே எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.