தபாலில் கேட்ட சிலம்படி

வட்டுக்கோட்டை
14.06.1992

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் ஐயாவும் கட்டையில் நிற்கிற பசுவும் இன்றுவரை சுகம். அந்தக் குளிருக்குள் உனக்கும் ஒரு குறை வரக்கூடாதென்று ஒழுங்கைப் பிள்ளையாருக்குத் தினமும் சொல்லிவைக்கிறேன்.

உன் கடிதம் கொழும்பில் இரண்டு மாதம் கிடந்து போன புதன்தான் கைக்கு வந்தது. வாசித்துவிட்டுச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை. சுவிசில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சிலம்படி பழக்கக் கேட்டார்களாம், நீயும் பெரிய வாத்தியார் மாதிரி ஓம் என்று தலையாட்டினாயாம், இப்போது முதல் ஆறு காலடியையும் ஐயாவிடம் கேட்டு எழுதியனுப்பு, நான் கேட்டதாகச் சொல்லாதே என்கிறாய். நீ கேட்காமல் வேறு யார் கேட்பது, இந்த வயதில் நானா கம்பு சுற்றப் போகிறேன்? ஊர்ச்சனத்துக்கு முன்னால் ஐயா மொக்கன் என்று சொல்லி அடிக்க, கம்பை எறிந்துவிட்டு, இனி உங்களோடை கதையில்லை என்று போனவன் நீ. ஆறு வருடமாக நீயும் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. இரண்டு வீம்பருக்கும் நடுவில் நான் தபாற்காரி.

ஐயா மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றுகிறது, கீழே இந்த மனிதர் நாலு பெடியன்களை வைத்துக் கம்பு சுற்றுகிறார். நாங்கள் ஓடி ஒளிக்கிற பங்கரை இன்னும் ஒரு முழம் ஆழமாக்குங்கோ என்றால் குனிய நாரி நோகுதாம், கம்பென்றால் நாரிக்கு ஒன்றுமில்லை. உன்னோடு படித்த தியாகலிங்கமும் வாசிகசாலை வளவில் விசில் ஊதிச் சிலம்படி பழக்குகிறான், முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இவருக்கு அது பொறுக்கவில்லை. பழக்கிறவன் பிள்ளையளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறான், உதுவும் ஒரு பழக்கமோ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நையாண்டி. இவருடைய பழக்கம் உனக்குத் தெரியும்தானே. வாய் திறக்கமாட்டார். பார்த்துச் செய்ய வேண்டும், பிழைத்தால் கெண்டைக்காலில் ஒன்று விழும், என்ன பிழை என்று கேட்டால் இன்னொன்று விழும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், பழக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகளெல்லாம் கோணல்.

யாரோ சுவிசில் கேட்கிறார்கள் என்றுதான் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை, உடனே கொப்பியைத் தா என்றார். கொப்பி கிடைக்காத இந்தக் காலத்தில் நாலு தாளைக் கிழித்தார். வளவுக்குள் போய்க் காலை வைத்துப் பார்ப்பதும், வந்து எழுதுவதும், கிழிப்பதும்தான். வாய் திறக்காமல் முப்பது வருடம் பழக்கியவருக்கு எழுத்து எங்கிருந்து வரும்? கடைசியில் நீ வந்து நில்லு, நான் செய்யிறதைப் பாத்துச் செய்துபோட்டு எழுது என்றார். ஐம்பத்தெட்டு வயதில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு நேரெதிரே நின்றேன், பக்கத்து வீட்டுச் சின்னாச்சி வேலிக்கு மேலால் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவர் காலை வைத்தார், நானும் வைத்தேன். பிழை என்றார். திரும்ப வைத்தேன். பிழை. மூன்றாம் முறை கம்பு மேலே எழும்பியது. நானும் தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு, அடிச்சுப் பாருங்கோ, இண்டைக்குச் சோறில்லை, முதல் உங்கடை காலைக் குனிஞ்சு பாருங்கோ, நீங்கள் வைச்சது வலக்கால், எதிரிலை நிக்கிற எனக்கு அது இடப்பக்கம், கண்ணாடியைப் பாத்துச் செய்யிற மாதிரி நான் இடக்காலை வைச்சன், இதிலை என்ரை பிழை என்ன என்று கேட்டேன்.

மனிதர் ஓங்கின கம்பை இறக்கிவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார். அவருக்கு விளங்கின நேரத்தில்தான் தம்பி எனக்கும் விளங்கியது. வாத்தியாரின் மகன் நேரெதிரே நின்று பழக வேண்டும் என்பது இந்தச் சிலம்படி வாத்திமாருடைய வழக்கம், பெரிய மரியாதையாம். மற்றப் பெடியன்கள் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், அவர்களுக்கு வலம் வலமாகவே வந்தது. மரியாதை கிடைத்த நீ ஒருவன்தான் எல்லாவற்றையும் இடம் வலம் மாறிப் பழகினாய், அதற்குத்தான் அத்தனை அடியும். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சொன்னது. நான் மட்டும் என்ன திறமா, வீங்கின காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, கவனிச்சுப் பழகு ராசா என்றுதானே சொன்னேன். நானும் உன்னை மொக்கன் என்றுதான் நினைத்திருந்தேன். அதை நினைக்க எனக்கு இன்னும் நெஞ்சு பொறுக்குதில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. பின்னேரம் சைக்கிளில் போய் வாசிகசாலை வேலியோரம் நின்று தியாகலிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, அவன் முதுகைக் காட்டி நிக்கிறது சரிதான் என்றார். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை நான் கேட்டதேயில்லை. அடுத்த நாள் அவருக்குப் பின்னால் நின்று ஆறு காலடியையும் எழுதினேன், தனித்தாளில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரே நிற்க வேண்டாமாம், பக்கத்தில் நிற்கட்டுமாம், பிழை என்று கத்தாமல் எந்தக் கால் என்று வாய் திறந்து சொல்லட்டுமாம். பிழை உங்களுடையது என்றும் எழுதட்டோ என்று கேட்டேன். எழுது என்றார். பிறகு, குளிருக்கு அவன்ரை கெண்டைக்கால் இப்பவும் நோகுமோ எண்டு கேள் என்றார். யார் கேட்டது என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது, கள்ளன்.

நாளை கொழும்புக்குப் போகிற கனகரத்தினத்தாரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தொப்பியில்லாமல் பனிக்குள் திரியாதே, பிள்ளைகளின் கண்ணுக்குக் கிட்டக் கம்பை வீசவிடாதே. பிள்ளையார் உன் காலில் கல்லும் முள்ளும் படாமல் காக்கட்டும். ஆறு வருடமாக உறையில் என் பெயரை மட்டும்தான் எழுதுகிறாய். இந்தமுறை ஐயாவின் பெயரை எழுது. நான் பிரிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏ. நல்லம்மா