திருநள்ளாற்றில் விட்டுப்போன வண்டி

பூவம்
10.2.2025

அன்புள்ள தையலுக்குச் சோமு எழுதுவது.

இங்கே நானும் பசுவும் நலம். புதுச்சேரியில் நீயும் பிரியாவும் பேத்தியும் மாப்பிள்ளை வீட்டாரும் நலமா? வண்டி மட்டும் இன்னும் நலமில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. எங்கள் முதியோர் வகுப்பு நீலாயதாட்சி டீச்சரிடம் சொன்னேன். "எழுதிப் பாருங்கய்யா. கோபம் வர்றதுக்குள்ள கை வலிச்சிடும்" என்றார். உண்மைதான். இவ்வளவு எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆனாலும் உன் பெயரை என் கையால் எழுதிவிட்டேன், பார்த்தாயா? நம் கல்யாணப் பத்திரிகையில் அது எந்த வரியில் இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு பிரியாவுக்கு முதுகு தாங்கவில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்து வரக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார். ஆம்புலன்ஸில் பச்சைப்பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று சம்பந்தி அம்மா சொல்கிறார்கள். பிறகு பிள்ளை எப்படித்தான் நம் வீட்டுக்கு வருவது? திருநள்ளாறு லாட்ஜில் எடுத்த இந்த அம்பாசிடர் பின்பக்கம் நீண்ட வண்டி. சீட்டை மடக்கினால் மெத்தை விரித்து நீட்டிப் படுக்கலாம். அதனால்தான் எடுத்தேன், ஆசைக்காக இல்லை. கொஞ்சம் ஆசையும் உண்டு.

கோவில்பத்து சஃபியுல்லா பட்டறையில் நிற்கிறது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. பெட்ரோல் டேங்கில் துரு. கிளட்ச் மாற்றியாகிவிட்டது. நேற்று முதல் தடவை இருமியது. "பாத்தீங்களா சோமண்ணே, உயிர் இருக்கு" என்றான் சஃபியுல்லா. மில் வேன் ஓட்டிய இத்தனை வருஷத்தில் எந்த வண்டியும் என்னை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வரி எழுது.

உன்
சோமு

*

புதுச்சேரி
15.2.2025

பிரியா அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. கதிரவன் மாப்பிள்ளை வாங்கி வந்து, "அத்தை, மாமா எழுத்தா இது" என்று ஆச்சரியப்பட்டார். நான் இரண்டு தடவை படித்தேன். எழுத்து கொஞ்சம் சாய்கிறது. பரவாயில்லை.

கோபம் போகவில்லை. நளன் குளத்தில் முழுகியவர்கள் கட்டியிருந்த துணியைக் கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள். தங்களைப் பிடித்த சனி அதோடு போகட்டும் என்றுதான் விடுகிறார்கள். அதை யாராவது வீட்டுக்கு எடுத்து வருவார்களா? யாரோ ஒரு புண்ணியவான், ஜோசியக்காரர் பேச்சைக் கேட்டு, துணி போதாதென்று காரையே லாட்ஜில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் போய் அதை எடுத்து வந்திருக்கிறீர்கள்.

எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. அதை அந்த வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வராது. ஏற்றத்தான் வேண்டும் என்றால் பிரியாவும் நானும் இங்கேயே இருந்துவிடுகிறோம். அவள் பூவத்து வீட்டை நினைத்து அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்?

பசுவுக்கு வேளைக்குத் தண்ணீர் காட்டுங்கள். வண்டியைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் அதையும் குளிப்பாட்டுங்கள்.

தையல்நாயகி

*

பூவம்
24.2.2025

அன்புள்ள தையலுக்கு,

பசு குளித்தது. உன் கடிதத்தை வேறு யாரையும் படிக்கச் சொல்லாமல் நானே படித்தேன். "புண்ணியவான்" என்பதைத்தான் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வண்டி ஓடுகிறது. பிரியா முதுகுக்காகப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றை உருவி, குலுக்கலைக் குறைத்திருக்கிறான் சஃபியுல்லா. குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, பிரியா படுக்க வேண்டிய இடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். முதல் தடவை பாதிக் குடம் காலி, சஃபியுல்லா நனைந்துவிட்டான். "உங்க பொண்ணுக்கு முதுகு போறதுக்கு முன்னாடி எனக்குச் சளி பிடிச்சிடும்ண்ணே" என்றான். பட்டையைச் சரிசெய்து திரும்ப ஓட்டினோம். குடத்தின் வாய் மட்டும் நனைந்தது.

அந்தக் குடத்தோடுதான் சனிக்கிழமை திருநள்ளாறு போனேன். தேரடிப் பக்கம் நிறுத்தியிருந்தபோது ஒரு பெரியவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்கதவைத் தடவினார். அவர்தான் வண்டியை விட்டுப்போனவர். புதுக்கோட்டைப் பக்கம், பெயர் கருப்பையன். லாட்ஜ் மேனேஜர் அவரைத் தேடி அலுத்துப்போய்த்தான் என்னிடம் கொடுத்திருந்தார்.

"ஏங்க விட்டுட்டுப் போனீங்க" என்று கேட்டேன்.

"வண்டிய விட்டா கஷ்டம் விடும்னாங்க. விட்டுட்டு பஸ்ஸுல ஊருக்குப் போனேன். வீட்டுல கஷ்டம் எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருந்துச்சு. அது போறப்பதான் போச்சு. வண்டி பாவங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

தையல், அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று மனதுக்குள் வரி கோத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர், "செஞ்ச செலவ குடுத்துடறேங்க. எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கொடுத்துவிட்டால் உன் பயம் தீரும். ஆனால் பிரியா எப்படி வருவாள் என்று எனக்குத் தெரியவில்லை. இதை உனக்குச் சொல்லாமலே முடித்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. நீ என்ன எழுதுகிறாயோ அதையே அவரிடம் சொல்கிறேன். அவருடைய போன் நம்பரைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

உன்
சோமு

*

புதுச்சேரி
28.2.2025

பிரியா அப்பாவுக்கு,

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நான் பூவத்துச் சோமு வீட்டுலேருந்து பேசறேன். வண்டியத் திரும்பக் கேட்டீங்களாமே. நளன் குளத்துல விட்ட துணிய நீங்க திரும்ப எடுத்து உடுத்துவீங்களா" என்று கேட்டேன்.

அவர் இருமல் வருகிற வரை சிரித்தார். "இல்லம்மா, அது ஆகாது" என்றார். "அப்ப இது மட்டும் எப்படிண்ணே ஆகும்" என்றேன். "சரி தங்கச்சி, வண்டி ஒங்களுக்குத்தான். பேத்திய ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். திங்கட்கிழமை காரைக்கால் வந்து பெயரை மாற்றிக் கொடுக்கிறாராம். அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.

விட்டது விட்டவருக்குத்தான் ஆகாது. கஷ்டம் வண்டியோடு வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இதை நான் முன்னாலேயே யோசித்திருக்கலாம். நீங்கள் எனக்குச் சொல்லாமல் அவரிடம் வண்டியை மறுத்திருந்தால் நான் இந்தப் போனைப் போட்டிருக்க மாட்டேன். இரவு இங்கே எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம், பேத்தியைத் தவிர.

புதன்கிழமை வாருங்கள். பன்னிரண்டு மணி ராகுகாலத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வாருங்கள். வாசலில் ஹாரன் அடித்துத் தெருவைக் கூட்டாதீர்கள். பிரியாவும் பிள்ளையும் பின்னால். முன்சீட்டு எனக்கு.

தையல்நாயகி

*

புதுச்சேரி
5.3.2025

அன்புள்ள தையலுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்.

கருப்பையன் அண்ணன் வந்தார், சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார். அவரை வண்டியிலேயே ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டேன். முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். உன் இடம் என்று தெரிந்ததும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

விடியற்காலையில் கிளம்பினேன். முன்பெல்லாம் பாலத்தையும் வளைவையும் பார்த்து ஓட்டுவேன். இன்று பலகை பலகையாகப் படித்துக்கொண்டு வந்தேன். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர். எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன.

நம் வீட்டுக் குடத்தில் தண்ணீர் நிறைத்துப் பின்னால் வைத்துத்தான் கொண்டுவந்தேன். மெத்தை விரிக்கிற இடம் நனையவில்லை. குடத்தை இறக்கி வாசலில் வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள். எலுமிச்சம்பழம் தயார்.

ஹாரன் அடிக்கவில்லை. படித்து முடித்ததும் சன்னலுக்கு வா. கீழேதான் நிற்கிறேன்.

உன்
சோமு