சீல் போடாத மனு

என் மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைக் கேட்டால் நானும் அப்பாவும் சுகம்தான், மனசைக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். சின்னவளுக்கு இருமல் என்றாயே, நின்றதா, வெந்நீர் கொடு, குளிர்ந்த பாலை நிறுத்து. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ தீர்ப்பு சொல்லிவிடுவாய், அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஜன்னலில் தெருவைப் பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன், காலையிலிருந்து இதுதான் வேலை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், உன் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

வாய்க்காலின் மேல் இருக்கிற நடைபாலத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று போன தடவை சொன்னேன் இல்லையா. கைப்பிடி துருப்பிடித்துவிட்டதாம், அதைச் சரி செய்யாமல் பாலத்தையே எடுக்கலாம் என்று நகரசபையில் வேலைக் குழு யோசித்தது. அந்தக் குழுவில் ஐந்து பேர். தலைவர் சிமெண்ட் கடைக்காரர், உன் கல்யாணத்துக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நாற்காலி ஆடுகிறது என்று நாலு பேரிடம் சொன்னாரே அவர்தான், பதினாறு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை. ஐந்தில் ஒருவன் உன் தம்பி. ஆட்சேபனை இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள், நாங்கள் வீடு வீடாகப் போய் அறுபத்தொரு கையெழுத்து வாங்கினோம். எதிர்வீட்டில் இருக்கிறாரே, நகரசபையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவே ஃபைல் என்று கூப்பிடுமே, அவர் சொன்னார், கவுண்டரில் கொடுங்கள், தேதி போட்டு சீல் அடித்து ஒரு நகல் தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா, என் வயிற்றில் பிறந்தவனிடம் கொடுப்பதற்கு சீல் எதற்கு என்றேன். கூட இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஃபைல் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி எட்டேகால். உன் தம்பி நீலக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தான், ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான். மனுவை அவன் கையில்தான் கொடுத்தேன். சரிம்மா என்று வாங்கி ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி மழைக்கோட்டுக்கு அடியில் வைத்தான், என் கண்ணால் பார்த்தேன். ஐந்து வாரம் கழித்துப் பலகையில் வேறு தாள் ஒட்டியிருந்தது, பாலத்தை எடுப்பது என்று ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாக முடிவு செய்தார்கள், பொதுமக்களிடமிருந்து ஆட்சேபனை எதுவும் வரவில்லை என்று. நான் இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிறகு ஃபைலைக் கூட்டி வந்து படிக்கச் சொன்னேன், அவர் படித்தாலும் அதேதான். உன் தம்பியைக் கேட்டால் பார்க்கிறேம்மா என்றான். புதன்கிழமை பார்க்கிறேன் என்றான், சனிக்கிழமை பார்க்கிறேன் என்றான், அதற்கடுத்த திங்கட்கிழமையும் பார்க்கிறேன் என்றான். அதற்குள் பாலத்துக்குக் குறுக்கே சங்கிலி கட்டிவிட்டார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் லாரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவன் தன் பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான், அவனுக்கு என்ன. அக்கரைத் தையல்காரி, உனக்கு ஜாக்கெட் தைப்பாளே, அவளை லாரியின் பக்கக் கண்ணாடி தட்டிவிட்டது, விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன மிச்சம், நீயே சொல்.

அப்புறம்தான் ஃபைல் வழி சொன்னார். நகரசபையில் மேற்பார்வைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம், முடிவு எடுத்தவர்கள் யாரும் அதில் இருக்கக்கூடாது, முடிவு எடுத்தவர்கள் அதற்கு எதிரே உட்கார்ந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முடிவை ரத்து செய்ய அதற்கு அதிகாரம் இல்லை, நிறுத்திவைத்து மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம். ஊர்க்காரர் யாரானாலும் ஒரு கேள்வி கேட்கலாம், மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஐம்பது வார்த்தைக்கு மேல் கூடாது பாட்டி என்று ஒரு பக்கத்தை அப்படியே அடித்துவிட்டாள், நாற்காலி விஷயம் எல்லாம் அதில்தான் இருந்தது. இந்தத் தடவை சீல் கேட்டு வாங்கினேன்.

கூட்டத்தில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே நீள மேஜை, அதன் ஒரு பக்கம் மேற்பார்வைக் குழு, மறுபக்கம் உன் தம்பியின் வேலைக் குழு, ஆளுக்கொரு பெயர்ப்பலகை, தொட்டால் கத்துகிற ஒரு மைக். மேற்பார்வைக் குழுத் தலைவி மருந்துக்கடை அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். என் கேள்வியைப் படித்தார்கள், அறுபத்தொரு பேர் மனு கொடுத்திருக்க ஆட்சேபனை வரவில்லை என்று எழுதியது எப்படி என்று. நகரசபை இன்ஜினியர் எழுந்து, மனு வரவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாயிற்று, அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார். சிமெண்ட்காரர் என்னைப் பார்த்து, வயதானவர்கள், ஞாபகக் குறைவாக இருக்கும் என்றார். எனக்கு. ஞாபகக் குறைவு. மருந்துக்கடை அம்மாள் அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார், மனுவை யாரிடம் கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா என்று. திரும்பிப் பார்த்தேன், பின்னால் தையல்காரி மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளோடு முப்பது நாற்பது பேர். முன்னால் பார்த்தேன், உன் தம்பி தன் பெயர்ப்பலகையை நேராக வைத்துக்கொண்டிருந்தான், அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது. என்னிடம்தான் கொடுத்தார்கள் என்று அவனே எழுந்து சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருந்தேன், சத்தியமாகக் காத்திருந்தேன், அந்த அம்மாள் இரண்டாம் தடவை கேட்கிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன்.

"ரசீது இல்லைங்க. அதோ மூணாவதா உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்கிட்ட குடுத்தேன். அவர் என் மகன். மகன்தானேன்னு சீல் வாங்கல, அது என் தப்பு. கையில வாங்கிட்டு எதுவும் வரலைன்னு கை தூக்கினாரே, அது அவர் தப்பு."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை குழு மறுபடி கூடுகிறது, அன்றைக்கு அந்த உறுப்பினர் மனுவோடு வந்து எப்போது வாங்கினார், ஏன் கொடுக்கவில்லை, ஏன் கை தூக்கினார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதுவரை பாலத்தைத் தொடக்கூடாது என்று மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா என்னோடு பேசவில்லை. பேசியதும் ஒரே ஒரு தடவைதான், வீட்டுக்குள் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், பெற்ற பிள்ளையை ஊர் நடுவில் நிறுத்திவிட்டாயே என்றார். கையை அவன் வீட்டுக்குள்ளேயா தூக்கினான் என்று கேட்டேன், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். உன் தம்பி இந்தப் பக்கம் வந்து பதினோரு நாள் ஆகிறது. மருமகள் மட்டும் நேற்று வந்தாள், மனு இன்னும் ஸ்கூட்டரில்தான் இருந்தது அத்தை, ஈரத்தில் பாதி மை ஊறிவிட்டது என்றாள், மற்றபடி அவன் பக்கமா என் பக்கமா என்று பிடி கொடுக்கவில்லை, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறந்துபோய் வைத்திருந்தானா, இல்லை சிமெண்ட்காரர் வைத்துக்கொள் என்றதால் வைத்திருந்தானா, இது தெரியாமல்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறந்தது என்றால் சொல்லிவிடலாம், அந்த வெட்கம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். மற்றது என்றால் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இதைப் படித்ததும் நீ அவனுக்குப் போன் போடுவாய், இப்படிச் சொல், அப்படிச் சொல், கவுண்டரில் தொலைந்தது என்று சொல் என்று பாடம் எடுப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அவன் ஒன்பது வயசில் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தை உடைத்துவிட்டு வந்தபோது நான்தான் உடைத்தேன் என்று நீ முன்னால் வந்து நின்றாய். உன்னை அடிக்கும்போதே அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் கதவுக்குப் பின்னால்தான் இருந்தான், வந்து சொல்லுவான் சொல்லுவான் என்று கதவைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன், அவன் வரவில்லை. அந்த அடிக்கு இன்றைக்கு வரை உன்னிடம் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன், தப்புத்தான். இந்தத் தடவை முன்னால் வந்து நிற்காதே. வியாழக்கிழமை வரைக்கும் நீ அவனுக்கு அக்கா இல்லை, எங்கேயோ தூரத்தில் இருக்கிறவள். நான் முதல் வரிசையில் உட்காருவேன், கதவுக்குப் பின்னாலிருந்து அவனே வரட்டும்.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். அப்பாவும் ஆசி சொல்கிறார், நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லுவார். இருமல் மருந்தை மறக்காதே, போனை எடுக்காதே.

இப்படிக்கு,
உன்னை அடித்த அம்மா