வெள்ளிக்கிழமை லீவு போட மாட்டேன்

வெண்ணந்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் சுகம், செவலை கன்று போட்டிருக்கிறது, தாயும் கன்றும்கூடச் சுகம். அந்த டப்ளின் குளிரில் உனக்குச் சளி விட்டதா, டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்கிறாயா என்பதுதான் என் கவலை. போனில் என்றால் நீயே பேசுகிறாய், நான் கேட்கிறேன், கடைசியில் சரி சாமி என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். குறுக்கே பேசாமல் முழுசாகப் படி.

வெள்ளிக்கிழமை, உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பிரபாகரின் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். எங்கம்மா டீச்சருங்க என்று அவன் அம்மாவிடம் நீ சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் அன்றைக்கு லீவு போடும்மா, ஆயா வேலை என்று வாயைத் திறக்காதே, கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்த டீச்சர் பயிற்சியையும் நிறுத்திவிடு, பாதி ஆயா பாதி டீச்சர் என்றால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று என்னிடம் சொன்னாய். அப்போதும் சரி சாமி என்று போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நிறுத்த மாட்டேன். லீவும் போட மாட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம்தான் இதை ஆரம்பித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற டீச்சர்கள் வருடத்துக்கு ஒருவராக ஓடிப்போவதால், உள்ளே வேலை பார்ப்பவர்களில் படித்தவர்களைப் பொறுக்கி, ஒரு டீச்சர் பக்கத்தில் விட்டு, வேலையோடு வேலையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். சனிக்கிழமை சேலத்தில் பயிற்சி வகுப்பு. ஆபீஸ் சிவபிரகாஷும் நானும்தான் சேர்ந்திருக்கிறோம். எனக்கு ஏது படிப்பு என்று கேட்டுவிடாதே, அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்த்து, பரீட்சைக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டவளே நீதான். காலையில் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன், மூக்குத் துடைக்கிறேன், மதியத்துக்கு மேல் ஆயாவுக்கான நீலச் சேலைக்கு மேலே டீச்சர் கோட்டை மாட்டிக்கொண்டு யுகேஜிக்குப் போகிறேன். எனக்குக் கற்றுக்கொடுக்கிற ரஞ்சிதா மிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். உன் வயதுதான் அவளுக்கு, ஆனால் தப்புச் செய்தால் விடமாட்டாள்.

தப்பும் செய்தேன். போன வாரம் பெரிய மேடமும் தாளாளரும் வந்து என் வகுப்பைப் பார்த்தார்கள். புளியங்கொட்டையை வைத்துக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் போனது. நடுவில் வளவன் என்கிற பொடியன் டவுசரை நனைத்துவிட்டு உதடு பிதுக்கினான். நான் யோசிக்கவே இல்லை, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன். கழுவி, வேறு டவுசர் மாட்டித் திரும்பி வந்தால் இங்கே ஒருத்தி புளியங்கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்டு அழுகிறாள், ரஞ்சிதா மிஸ் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தும்மியதில் கொட்டை வெளியே வந்தது, எனக்கு அப்புறம்தான் உயிர் வந்தது. டீச்சர் வகுப்பை விட்டுப் போகக் கூடாது, ஆயாவைக் கூப்பிட வேண்டும், அதுதான் சட்டம். எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் இருந்த ஆயா நம்ம சின்னாயி. இத்தனை வருடம் என்னோடு ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவளை, வந்து இதைக் கழுவு என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் சின்னாயி என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். என்னியக் கூப்புடறதுக்கு உனக்கு என்னடி வெக்கம், நீ டீச்சராகோணும்னா நான் ரெண்டு டவுசரு மாத்தமாட்டனா என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நாளே மூக்கில் கொட்டை திணித்த பிள்ளையின் அப்பா வந்து, ஆயாவையெல்லாம் கிளாசுல உட்டா இப்படித்தானுங்க ஆகும் என்று ஆபீசில் சத்தம் போட்டுவிட்டுப் போனார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி பார்ப்போம், அன்றைக்கும் சரியில்லை என்றால் பழையபடி ஆயா வேலை மட்டும் பாருங்க என்றார். பிள்ளையைக் கவனிக்காமல் போனது என் தப்பு, அதற்குத் திட்டட்டும். ஆயாவாக இருந்தது என் தப்பில்லை. அதே புளியங்கொட்டையை வைத்து அதே கழித்தலைத்தான் மறுபடியும் நடத்தப்போகிறேன். எவன் டவுசரை நனைத்தாலும் நின்ற இடத்திலிருந்து சின்னாயி என்று கூப்பிடுவேன்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். நேற்று பிரபாகரின் அம்மா பூவாத்தாளுக்கு நானே போன் செய்தேன். நான் இன்னும் டீச்சர் ஆகலீங்க, காலைல ஆயா, மத்தியானம் டீச்சர் வேலை பழகறனுங்க, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கெடையாது, நேரா பள்ளிக்கூடத்துக்கே வாங்க, பள்ளிக்கூடம் உட்டதும் சேர்ந்து ஊட்டுக்குப் போலாம் என்றேன். அதற்கு அவர், ஏனுங்க, அப்ப உங்க புள்ள எங்ககிட்ட பொய் சொன்னாளுங்களா என்று கேட்டார். ஆமாங்க, சொன்னது தப்புத்தான், ஆனா எம் பொழப்புல பொய் இல்லீங்க என்றேன். ஊட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றனுங்க என்று வைத்துவிட்டார். இதை எழுதுகிற வரைக்கும் கூப்பிடவில்லை.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் உன்னைவிட எனக்குத்தான் வயிறு எரியும். ஆனால் ஒரு நாள் மறைத்தால் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் மறைக்க வேண்டும், அதற்கு என்னால் ஆகாது சாமி. உன் காலேஜ் பீசும் இந்த நீலச் சேலையில்தான் வந்தது, அதை ஒளித்துவைத்துவிட்டு என்னால் யாருக்கும் காப்பி கொடுக்க முடியாது. அவர்கள் வந்தால் யுகேஜி பெஞ்சில் உட்கார்ந்து கழித்தல் கேட்கட்டும். வராவிட்டாலும் மணி அடித்ததும் நான் வகுப்புக்குப் போவேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமைக்குள் நீயும் பிரபாகரின் அம்மாவிடம் உன் வாயால் ஒரு வார்த்தை பேசிவிடு, மறக்காதே. எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து மகராசியாக இரு.

இப்படிக்கு
உன் அம்மா,
வ. வசந்தாமணி,
காலையில் ஆயா, மதியம் பயிற்சி டீச்சர்.
(இந்தக் கடைசி வரியை அப்படியே அவர்களிடம் சொல்.)